வடிகால் வெட்டினாலும் வடியாத மண்

தை அறுவடை முடிந்த வயல் ஒன்றில், திருவாரூர்ப் பக்கம், முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டிப் பாருங்கள். மேலே ஒரு விரற்கடை அளவுக்கு மண் பழுப்பாக இருக்கும். அதற்குக் கீழே நிறம் மாறிவிடும். சாம்பல், அதிலும் லேசாக நீலம் ஓடிய சாம்பல். நெல் வேர் இறங்கிய தடங்களில் மட்டும் துருப்பிடித்த கம்பி போலச் செம்பழுப்புக் கோடுகள். ஒரு கட்டியை எடுத்து முகர்ந்தால் சில இடங்களில் அழுகிய முட்டை வாடைகூட வரும். அந்தக் கட்டியை வரப்பின்மேல் வைத்துவிட்டு மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், வெளிப்பக்கம் பழுப்பேறியிருக்கும். பிளந்தால் உள்ளே அதே நீலச் சாம்பல்.

இந்த நிற விளையாட்டுக்குக் காரணம் இரும்பு. காற்றுப் படும் மண்ணில் இரும்பு துருவாகத் துகள்மேல் ஒட்டிக்கொண்டு மண்ணுக்குச் செம்மையோ பழுப்போ தருகிறது. காற்றே இல்லாமல் வாரக்கணக்கில் தண்ணீரில் கிடந்தால் அந்தத் துரு கரையும் வடிவத்துக்கு மாறிவிடுகிறது. சாயம் போன துணி மாதிரி மண் வெளுத்துச் சாம்பலாகிறது. கரைந்த இரும்பு காற்று கிடைக்கும் இடத்துக்கு, அதாவது வேர்த்தடத்துக்கோ மண்புழு வளைக்கோ, நகர்ந்து அங்கே மறுபடியும் துருவாகப் படிகிறது. மண் அளவை செய்கிறவர்கள் குழி வெட்டியதும் மண்ணின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் மன்செல் வண்ண அட்டையைக் கையில் எடுப்பது இதற்காகத்தான். அந்த அட்டையில் நிறச்செறிவு, அதாவது நிறம் எவ்வளவு அழுத்தம் என்ற எண், 2 அல்லது அதற்கும் கீழே போகிற சாம்பல் அடுக்கு எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்று பார்ப்பார்கள். துருப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும் அடுக்கு, நீர்மட்டம் ஏறி இறங்கும் இடம். புள்ளியே இல்லாத முழுச் சாம்பல், ஆண்டின் பெரும்பகுதி தண்ணீருக்குள் இருக்கும் இடம். குழி வெட்டியது சித்திரை வெயிலில் என்றாலும் அந்த மண் ஐப்பசியில் எப்படி இருந்தது என்று அதனிடமே கேட்டுவிடலாம்.

டெல்டாவில் வடிகால் என்று பேச்செடுத்தால் உடனே தூர்வாரல், ஆகாயத்தாமரை, மதகு என்றுதான் போகும். அதெல்லாம் வயலின் மேலே நிற்கும் தண்ணீரைப் பற்றிய பேச்சு. மண்ணுக்குள் நிற்கும் தண்ணீர் வேறு கதை. வடிவாய்க்காலை நன்றாக வெட்டிவிட்டால் வயல்மேல் நின்ற தண்ணீர் இரண்டு நாளில் ஓடிவிடும். அரையடி கீழே இருக்கும் தண்ணீர் இரண்டு வாரமானாலும் அசையாது. மேலே காய்ந்த வயலைப் பார்த்து வடிந்துவிட்டது என்று நம்பி உரம் போடுவதும் விதைப்பதும்தான் இங்கே பலருக்கு நஷ்டம் தருகிற இடம் என்பது என் கணிப்பு.

இந்த மண் எப்படி இங்கே வந்தது என்பதை ஒரு பாட்டில் தண்ணீரில் பார்த்துவிடலாம். வயல் மண்ணைக் கலக்கி வையுங்கள். பொடிமணல் பத்து சென்டிமீட்டர் இறங்கப் பத்துப் பன்னிரண்டு வினாடி போதும். 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய களித்துகள் அதே தூரம் இறங்க எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெள்ளம் கரை புரளும்போது ஆற்றிலும் இதுதான் நடக்கிறது. கரையைத் தாண்டிய உடனே வேகம் குறைந்து மணலும் வண்டலும் அங்கேயே விழுந்துவிடுகின்றன. களி மட்டும் தண்ணீரோடு தாழ்ந்த பக்கம் போய், தேங்கிய இடத்தில் நாள் கணக்கில் மெல்லப் படிகிறது. பல நூற்றாண்டு வெள்ளங்கள் இப்படிப் படிந்தபின், ஆற்றங்கரை மேடாகவும் தளர்வாகவும், இரண்டு ஆறுகளுக்கு நடுவில் உள்ள நிலம் பள்ளமாகவும் இறுக்கமாகவும் ஆகிவிடுகிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. ஆற்றோரத்துப் படுகையில் வாழை, வெற்றிலை, கரும்பு, காய்கறி. உள்ளே தள்ளிப் போகப் போக நெல்லைத் தவிர வேறில்லை. யாரும் மண் பரிசோதனை செய்து இப்படிப் பிரிக்கவில்லை. வாழைக்கன்று எங்கே அழுகுகிறது என்று பார்த்துப் பார்த்துப் பிரித்ததுதான். மண் வரைபடங்களும் பின்னாளில் ஏறக்குறைய அதே கோட்டைத்தான் போட்டன. ஒரே மாதிரி மண்ணை அவற்றில் ஒரு வரிசை என்பார்கள். படுகை வரிசை என்றே பெயர் பெற்ற வண்டல் மண் ஒன்று. களத்தூர், ஆடனூர் என்று ஊர்ப்பெயரால் வழங்கும் களிமண் வரிசைகள் வேறு. சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஸ்தபதிகள் மெழுகு உருவத்தின்மேல் முதலில் பூசுவது காவிரிக்கரையின் நைசான வண்டல். அந்த ஒரே ஆறு சற்றுத் தள்ளி விட்டுச் சென்ற களியில் ஏர் இறங்கினால் மாட்டின் கால் சிக்கிக்கொள்ளும்.

பழைய டெல்டாவையும் புது டெல்டாவையும் ஒன்றாகப் பேசக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மேட்டூர் அணையோடு 1934-இல் வந்த கல்லணைக் கால்வாய்ப் பாசனம் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணுக்குப் போகிறது. அது வெள்ளம் கொண்டுவந்த மண் அல்ல. அங்கே தண்ணீர் கீழே இறங்கிவிடும். இந்தக் கட்டுரை பேசுவது வெண்ணாறும் அதன் கிளைகளும் பாயும் தாழ்ந்த களிநிலத்தைப் பற்றி.

களி என்றால் எல்லாக் களியும் ஒன்றல்ல. பானை வனையும் களி ஒன்று. தண்ணீர் குடித்து ஊதும் களி வேறு. டெல்டாவின் கனத்த மண்ணில் மிகுந்திருப்பது ஸ்மெக்டைட் வகைக் கனிமம். தாள் அடுக்கு போன்ற அதன் இடுக்குகளுக்குள் தண்ணீர் நுழைந்து அடுக்கையே விலக்குகிறது. மண் ஊதுகிறது, ஊதியதும் துகள்களுக்கு நடுவில் இருந்த பெரிய துளைகள் அடைபடுகின்றன. சிறிய துளைகளில் தண்ணீர் இருக்கும், ஆனால் நகராது. ஈரமண்ணைக் கையில் உருட்டி நூலாக்கி வளையமாக வளைத்துப் பாருங்கள். விரிசல் விடாமல் வளையம் நின்றால் அது இந்த ஜாதி. மணற்பாங்கான வயலில் ஒரு நாளைக்கு 25, 30 மில்லிமீட்டர் தண்ணீர் கீழே இறங்கிவிடும். சேறு கலக்கிய கனத்த களியில் ஒன்று முதல் ஐந்து மில்லிமீட்டர்தான்.

சேறு கலக்கிய என்று சொன்னதைக் கவனியுங்கள். இயற்கை பாதி செய்ததை நாம் மீதி செய்கிறோம். தண்ணீரை நிறுத்தி, சேற்றுழவு ஓட்டி, பரம்படிக்கும்போது மண்ணின் கட்டமைப்பு முழுவதும் உடைந்து கூழாகிறது. அந்தக் கூழ் படியும்போது, ஏர்க்கால் எட்டும் ஆழத்தில் இறுகிய ஒரு தளம் உருவாகிறது. முன்பு கொழு அழுத்தியது, இப்போது டிராக்டர் சக்கரம் அழுத்துகிறது. நெல்லுக்கு இந்தத் தளம் வேண்டும். இல்லாவிட்டால் மேட்டூர்த் தண்ணீர் போதாது. ஆக, வடியாமை என்பதை இங்கே குறை என்று மட்டும் எழுதிவிட முடியாது. உழவன் காசு கொடுத்து வாங்கும் குணம் அது.

தண்ணீர் நின்றதும் மண்ணுக்குள் நடப்பது வேடிக்கையானது. தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். உள்ளே இருந்த கொஞ்ச நஞ்ச ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் தீர்த்துவிடுகின்றன. தீர்ந்தபின் அவை சும்மா இருப்பதில்லை. வருமானம் நின்ற வீட்டில் முதலில் கையிருப்பு, பிறகு நகை, பிறகு பித்தளைப் பாத்திரம் என்று ஒவ்வொன்றாக அடகுக்குப் போவதுபோல, ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கையில் கிடைப்பதில் எளிதானதிலிருந்து தொடங்குகின்றன. முதலில் நைட்ரேட், அடுத்து மாங்கனீசு, அடுத்து இரும்பு. நீலச் சாம்பல் வருவது இந்தக் கட்டத்தில். அதற்கும் பிறகு சல்பேட். அது சல்பைடாக மாறும்போதுதான் முட்டை வாடை. கடைசியில் மீத்தேன். நடவு வயலில் கால் வைத்ததும் குமிழ் குமிழாக மேலே வருகிறதே, அதில் கணிசமான பங்கு அந்த மீத்தேன்தான்.

நெல் இதில் பிழைப்பது தன் உடலுக்குள்ளேயே குழாய் வைத்திருப்பதால். இலையிலிருந்து வேர் வரை காற்றறைகள் ஓடுகின்றன. அந்த வழியாக இறங்கும் ஆக்சிஜனில் கொஞ்சம் வேர்நுனியில் வெளியே கசிகிறது. கசிந்த இடத்தில் கரைந்த இரும்பு துருவாகி வேரைச் சுற்றி உறைபோலப் படிகிறது. பயிரைப் பிடுங்கிக் கழுவிப் பார்த்தால் வேர் வெளுப்பாகவோ ஆரஞ்சு கலந்த பழுப்பாகவோ இருந்தால் பயிர் சமாளிக்கிறது என்று அர்த்தம். வேர் கறுத்து, கையில் பிடித்தால் வழுவழுவென்று உரிந்து வந்தால், சல்பைடு ஜெயித்துவிட்டது. பசுந்தாளை மடக்கி உழுத கையோடு நட்ட வயலில் இதை அடிக்கடி பார்க்கலாம். அழுகும் தழை இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடுகிறது. இலையில் மஞ்சளைப் பார்த்ததும் யூரியா மூட்டையை அவிழ்ப்பதற்கு முன் ஒரு குத்தைப் பிடுங்கி வேரைப் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும். பெரும்பாலும் அந்த வயலுக்கு வேண்டியது உரம் அல்ல. இரண்டு நாள் தண்ணீரை வடித்துவிட்டு மண் லேசாக மயிர்வெடிப்பு விடும்வரை காயப்போடுவது. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். தண்ணீர் மிச்சம் என்பது அதன் பிற்காலத்து விளக்கம். வேருக்கு மூச்சு என்பதே முதல் பயன் என்று எனக்குத் தோன்றுகிறது.

உரக் கணக்கும் இந்த மண்ணில் தலைகீழ். சேற்றின் மேல்தோலில், சில மில்லிமீட்டர் கனத்துக்கு மட்டும், காற்றுப் படும் அடுக்கு ஒன்று உண்டு. மேலே தூவிய யூரியா அங்கே நைட்ரேட்டாகி, ஒரு விரல் கீழே காற்றில்லாத அடுக்குக்கு இறங்கியதும் நைட்ரஜன் வாயுவாகப் பறந்துவிடுகிறது. வாங்கிய மூட்டையில் கணிசமான பங்கு இப்படி ஆகாயத்துக்குப் போகிறது. யூரியா, ஜிப்சம், வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் 5:4:1 என்று கலந்து ஓரிரவு வைத்திருந்து போடச் சொல்வது, அது நைட்ரேட்டாவதைத் தாமதப்படுத்தத்தான். 2015-இலிருந்து உள்நாட்டில் உற்பத்தியாகும் யூரியாவுக்கெல்லாம் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமானதற்கு மானிய யூரியா வேறு வழியில் போவதைத் தடுப்பதும் ஒரு காரணம் என்றாலும், வயலில் அது செய்யும் வேலை இதுவே.

மணிச்சத்தின், அதாவது பாஸ்பரஸின், கதை இன்னும் சுவையானது. இரும்போடு பிணைந்து கிடந்த மணிச்சத்து, துரு கரையும்போது விடுபடுகிறது. தண்ணீர் நிற்கும்போது நெல்லுக்கு அது தாராளமாகக் கிடைக்கும். வயல் காய்ந்ததும் இரும்பு புதிதாகத் துருப்பிடிக்கிறது. அந்தப் புதுத்துரு முன்பைவிட ஆவேசமாக மணிச்சத்தைப் பிடித்துக்கொள்கிறது. நெல்லுக்குப் பின் வரும் உளுந்துக்கு அதே வயலில் மணிச்சத்துப் பஞ்சம். பூக்கும்போதும் பதினைந்து நாள் கழித்தும் மணிச்சத்து உள்ள டிஏபி உரத்தின் இரண்டு சதவீதக் கரைசலை இலையில் தெளிக்கச் சொல்லும் பரிந்துரைக்கு முதல் காரணம் உழாத தரிசில் அடியுரம் போட வழியில்லாதது. மண்ணே பிடுங்கிக்கொள்வதால், இலை வழி கொடுப்பது இரட்டிப்பாகப் பொருந்துகிறது.

துத்தநாகம் நேர்மாறு. தண்ணீர் நின்றால் அது கிடைப்பது குறையும். 1966-இல் பந்த்நகரில் ஒய். எல். நெனே, கைரா என்று உழவர்கள் சொன்ன நெல் நோய் கிருமியால் வந்ததல்ல, துத்தநாகப் பற்றாக்குறையால் வந்தது என்று காட்டினார். அது இமயமலை அடிவாரத் தராய் மண். நம் களிநிலத்திலும் நட்ட இரண்டு மூன்று வாரத்தில் அடியிலைகளில் துருப்புள்ளி தெரிவது அதே கதைதான். எக்டேருக்கு 25 கிலோ சிங்க் சல்பேட்டை 50 கிலோ மணலோடு கலந்து, நடவுக்குச் சற்று முன் மேலாகத் தூவச் சொல்கிறார்கள். மேலாக என்பதே முக்கியம். உழுது உள்ளே தள்ளினால் சல்பைடு உள்ள அடுக்கில் போய் முடங்கிவிடும்.

நெல்லைத் தவிர மற்றப் பயிருக்கு இந்த மண் என்ன செய்யும் என்பதைக் கோடைப் பருத்தியில் பார்த்தால் போதும். நெல் தரிசில் தை, மாசியில் போட்ட பருத்தி சித்திரையில் காய்பிடித்து நிற்கும். ஒரு நாள் இரவு கோடைமழை பெய்து வயலில் தண்ணீர் நின்றுவிடுகிறது. மறுநாள் வெயில் ஏறியதும் இலையெல்லாம் துவண்டு தொங்கும். காலடியில் தண்ணீர் நிற்க, தண்ணீர் இல்லாத செடிபோல வாடும். மூச்சு முட்டிய வேர் தண்ணீரை உறிஞ்சுவதை நிறுத்திவிடுகிறது. அதோடு எத்திலீன் என்ற பயிர் ஹார்மோனாக மாறக்கூடிய ஒரு பொருளை மேலே அனுப்ப, இலைக்காம்பு கீழ்நோக்கி வளைகிறது. பூச்சி என்று நினைத்து மருந்தடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவம், அந்தக் கூலியும் சேர்ந்து நஷ்டம்.

உளுந்து, பயறு போடுகிறவர்கள் இதைத் தந்திரமாகக் கையாள்கிறார்கள். சம்பாவோ தாளடியோ அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, நிற்கும் நெல்லுக்குள் விதையை வீசிவிடுவார்கள். காலை வைத்தால் புதையாமல், மெழுகில் பதிந்த மாதிரி தடம் விழ வேண்டும். அந்தப் பதம் தப்பினால் விதை அழுகும், அல்லது முளைக்காது. பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் பாய்ச்சாமல், களிமண் பிடித்து வைத்திருக்கும் ஈரத்திலேயே பயிர் விளைந்துவிடும். வடியாத மண்ணின் சேமிப்பை இவ்வளவு சரியாகக் கணக்கிட்டு எடுக்கும் வேறொரு முறையை நான் பார்த்ததில்லை.

மேல்வடிகாலின் பாட்டையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கும்பகோணம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 25 மீட்டர். நாற்பது கிலோமீட்டர் கிழக்கே திருவாரூர் பத்து மீட்டருக்கும் கீழே. கிலோமீட்டருக்கு அரை மீட்டர் சரிவுகூடத் தேறாது. கடலோரம் போகப் போக அதுவும் இல்லை. அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு போன்றவை மேலே பாசன ஆறு; கீழே வடிகால். கொண்டுவருவதும் கொண்டுபோவதும் ஒரே தடம். வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் கடலும் கொந்தளித்து நிற்கும்போது முகத்துவாரத்தில் தண்ணீர் உள்ளேதான் தள்ளும். 2020 டிசம்பரில் புரெவி புயல் மன்னார் வளைகுடாவில் வந்து அசையாமல் நின்றபோதும், அடுத்த மாதம் பொங்கலையொட்டிப் பெய்த மழையிலும், முதிர்ந்த சம்பா சாய்ந்து கதிரிலேயே முளைத்தது. ஓடாத தண்ணீருக்கு வாய்க்காலில் மண்டிய நெய்வேலிக் காட்டாமணக்கும் ஒரு காரணம்தான். அதை வெட்டியெறிந்த பிறகும் சரிவு அதே சரிவுதான்.

நீரில் மூழ்கினாலும் தாக்குப்பிடிக்கும் சிஆர் 1009 சப் 1 ரகம் இப்போது இந்தப் பள்ளக்காலில் பரவியிருக்கிறது. ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ நெல்லிலிருந்து வந்த சப் 1 மரபணு, மூழ்கிய பயிரை வளரவிடாமல் அடக்கி, மாவுச்சத்தைச் சேமிக்க வைக்கிறது. இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தண்ணீர் வடிந்ததும் பிழைத்துவிடும். ஆனால் அது பயிர் மூழ்குவதற்கான தீர்வு. வேர் கறுப்பதற்கும் துத்தநாகம் முடங்குவதற்கும் அந்த மரபணுவில் பதில் கிடையாது. இரண்டையும் வெள்ளப் பாதிப்பு என்ற ஒரே தலைப்பில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

அறுவடை நேரத்தில் இந்த மண் இன்னொரு கணக்கையும் நீட்டும். டயர் வைத்த அறுவடை வண்டி இறங்கினால் அச்சு வரை புதையும். ஆகவே பெல்ட் வண்டிதான் வேண்டும், அதற்கு வாடகை கூடுதல். அது போன தடம் அடுத்த உழவில் கட்டி கட்டியாகப் பெயரும்.

கடலுக்கு நெருங்கிய இடங்களில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. நல்ல வடிகால் உள்ள மண்ணில் மழை உப்பைக் கழுவிக் கீழே தள்ளிவிடும். இங்கே கீழே போக வழியில்லை. கோடையில் ஆழம் குறைந்த உவர்நீர் மண்ணின் நுண்துளை வழியாக மேலேறி ஆவியாகி, உப்பை மேலே விட்டுச் செல்கிறது. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் பக்கத்தில் மணற்பாங்கான நிலங்கள் ஒன்றிரண்டு பருவமழையில் தேறிக்கொண்டதற்கும் களிநிலங்கள் பின்தங்கியதற்கும் இந்த வித்தியாசம் ஒரு காரணம்.

இத்தனை இறுக்கமான மண் வைகாசியில் நடந்துகொள்ளும் விதம் வேறு. ஊதிய களி தண்ணீரை இழந்ததும் சுருங்கி, பாளம் பாளமாக வெடிக்கிறது. கை நுழையும் அகலம், இடுப்பளவு ஆழம். காற்று, வருடத்தில் ஒருமுறை, அடிமண் வரை போகிறது. சாம்பல் அடுக்கின் வெடிப்போரங்களில் பழுப்புக் கோடு விழுகிறது. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து முதல் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்போது, வாய்க்கால் நிறையப் பாய்ந்தாலும் வயலில் தண்ணீர் தெரியாது. எல்லாம் வெடிப்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். மடைமுறைக்குச் சண்டை வருவது அந்த நாட்களில்தான். மேல்மடைக்காரர் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று கீழ்மடைக்காரர் கேட்பார், இருவர் வயலும் ஒரே மண்தான் என்றாலும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பாளங்கள் ஊதி ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு விட்ட தண்ணீர் வயலில் நிற்கும்.